கேசட் தீர்ந்த இடம்

“பீட்டில்ஸ் இல்லீன்னா உன்ற லெட் செப்பலினும் கெடையாது, பிங்க் ஃபிளாய்டும் கெடையாது. நீங்க ரெண்டு பேரும் பஜனை மடத்துலயும் நான் சர்ச் கொயர்லயும் கெடந்திருப்போம்” என்று ஃபெலிக்ஸ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். சென்னியப்பன் தலையை ஆட்டினாரே தவிர, காதில் ஒன்றும் ஏறவில்லை. கண் மாடிப்படியில் இருந்தது. படி தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். ஏன்டா என்று கேட்டதற்கு, ஃபேன் காற்று கழுத்தில் அடிக்கிறது என்று ஒரு பொய். பீளமேட்டில் அவர் வீட்டு மாடி அறை இது. ஒரே ஹாஸ்டலில் கிடந்து இன்ஜினியரிங் படித்து, பம்ப்செட் கம்பெனி, மில், பேங்க் என்று ஆளுக்கொரு இடத்தில் மாரடித்து ஓய்ந்த மூன்று கிழங்கள், மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் இங்கே கூடி, உலகத்திலேயே பெரிய ராக் பேண்ட் எது என்று அடித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் அறுபதுகள், ஒரு மாதம் எழுபதுகள், இப்படி. குயீன் எழுபதா எண்பதா என்கிற சண்டையிலேயே இரண்டு ஞாயிறு போனது. இன்றைக்கு இறுதிச் சுற்று. சட்டம் ஒன்றே ஒன்றுதான், போனைத் தொடக்கூடாது. எந்த பேண்டுக்காக வாதாடுகிறாயோ அதன் பாட்டை உன் வாயாலேயே, கிடாரிலிருந்து டிரம்ஸ் வரைக்கும், பாடிக் காட்ட வேண்டும். சென்னியப்பன் இன்றைக்கு நம்பியிருப்பது அந்தச் சட்டத்தைத்தான். ரகோத்தமன் லெட் செப்பலினுக்காகப் பேசப்போகிறான். சொர்க்கத்துக்குப் படி வாங்குவதைப் பற்றிய அந்த எட்டு நிமிஷ நீளப் பாட்டை அவன் பாடியே தீர வேண்டும். பாடுகிற நேரத்துக்கு வசந்தாமணி டீயோடு மேலே வருவாள். அப்போது தன் மனைவி முகத்தையும் சிநேகிதன் முகத்தையும் ஒருசேரப் பார்த்துவிட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

எல்லாம் போன மாதம் ஒரு காலையில் ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். வசந்தாமணி முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாய்க்குள்ளேயே ஒரு ராகம். கந்த சஷ்டியாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் கால் அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அது கந்த சஷ்டி இல்லை, அது கிடார். மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக மீட்டுகிற அந்த ஆரம்பம். அட, நம்ம பாட்டு! முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை இல்லை என்று சொல்லக்கூடாது. கல்யாணமான புதிதில், தகர டப்பாவைத் தட்டுகிற சத்தமுங்க, எனக்குத் தலை வலிக்குதுங்க என்று சொன்னவள், அதனாலேயே அவர் இத்தனை வருஷமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறார், அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குத் தானாகப் பாடுகிறாளே என்று வாயெல்லாம் பல்லாக நின்றார். அவள் பாடிக்கொண்டே போனாள். மெட்டு வேகமெடுத்தது. கிடார் ஏறியது, இன்னும் ஏறியது, உச்சிக்குப் போனது, அங்கே டக்கென்று நின்றது. வசந்தாமணி துருவிய மூடியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மூடியை எடுத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. சென்னியப்பன் மட்டும் வந்த தண்ணீரைக் குடிக்காமலேயே திரும்பிப் போனார். பாட்டு அங்கே முடியாது. உலகத்தில் எவர் வீட்டிலும் அது அங்கே முடியாது. அங்கே அது முடிவது ஒரே ஒரு கேசட்டில்தான்.

அந்தக் கேசட் ரகோத்தமனுடையது. மஸ்கட்டில் இருந்த அவன் மாமா வாங்கி வந்த ரெக்கார்டிலிருந்து அவன் பதிவுசெய்து ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தான். இரண்டு ரெக்கார்டை ஒரே கேசட்டில் அடைக்கப் பார்த்ததில், கிடார் உச்சிக்குப் போகிற நேரம் பார்த்துக் கேசட் தீர்ந்துவிட்டது. அந்தக் கேசட்டிலிருந்துதான் ஹாஸ்டல் முழுக்கப் பிரதி எடுத்தது, பிரதியிலிருந்து இன்னொரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று. எல்லாவற்றிலும் பாட்டு அதே இடத்தில் அறுந்தது. அறுந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கோயம்புத்தூரில் அன்றைக்கு வேறு எங்கே போய்க் கேட்பார்கள்? அதுதான் பாட்டின் முடிவு என்றே நினைத்தார்கள். ஃபெலிக்ஸ் ஒரு படி மேலே போய், “முடிக்காம முடிக்கறான் பாருடா, அந்தத் துணிச்சல் பீட்டில்ஸுக்கே வராது” என்று கல்லூரி விழாவில் மேடையேறிப் பேசிக் கைதட்டு வாங்கினான். பல வருஷம் கழித்து அவனே போனில் முழுப்பாட்டையும் கேட்டான். கிடாருக்குப் பிறகு பாடகன் வீறிட்டுக்கொண்டு வருவதைக் கேட்டுவிட்டு, இது பின்னாடி எவனோ ஒட்ட வெச்சது, ஒரிஜினல் நம்மளதுதான் என்று சாதித்தான் மகராசன். சென்னியப்பனுக்கும் உள்ளூர அப்படித்தான். ரகோத்தமன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், சிரித்தே மழுப்புவான். சிரிப்புக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? எதுவாக இருந்தாலும், அந்த இடத்தில் பாட்டை நிறுத்துகிற ஒரு ஜீவன் ஹாஸ்டலுக்கு வெளியே இருக்கிறது என்றால், ஹாஸ்டலில் இருந்த ஒருத்தன் வாயிலிருந்துதான் அது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஃபெலிக்ஸுக்குச் சுருதி என்றால் வீசை என்ன விலை. மிச்சம் யார்?

மிச்சம் யார் என்று மனசு கேட்டதுதான் தாமதம், சாட்சிகள் வரிசைகட்டி வந்து நின்றன. இந்த மனசு இருக்கிறதே, பம்ப்செட் கம்பெனியில் தர ஆய்வு பார்த்த மனசு, ஒரு மோட்டாரில் ஒரு சின்ன உறுமல் கேட்டால் முழுசாகக் கழற்றிப் பார்க்காமல் விடாது. ராம் நகரில் ரகோத்தமன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. வசந்தாமணி கல்யாணத்துக்கு முன்னால் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தது அங்கேதான். பெண் பார்க்கப் போனபோது மாமனார் அதைப் பெருமையாகச் சொன்னார், இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டார். கீழே அவள் டைப் அடிக்கிறாள், மேலே அவன் கேசட் போடுகிறான், நடுவில் ஒரு மாடிப்படி. பார், அங்கேயும் ஒரு மாடிப்படி! பிறகு இன்னொன்று. ஃபெலிக்ஸை வாய் நிறைய அண்ணா அண்ணா என்கிறாளே, ரகோத்தமனை அண்ணா என்று ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறாளா? பேரைக்கூடச் சொல்ல மாட்டாள். உங்க ஃபிரண்டு வந்திருக்காருங்க. உங்க ஃபிரண்டுக்குச் சர்க்கரை போடலீங்க. அவன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள், டம்ளரைக் கையில் கொடுக்க மாட்டாள், மேஜையில் வைத்துவிட்டு அக்கட்டால போய்விடுவாள். ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்கு இத்தனை ஜாக்கிரதை? அவனும்தான் என்ன, பார்க்கிற மாதிரி இருந்தும் கல்யாணமே செய்துகொள்ளாத தனிக்கட்டை. ஏன்டா பண்ணிக்கல என்றால், அமையலடா என்பான். யார் அமையவில்லை? எந்த வீட்டில் அமையவில்லை? முப்பது சொச்சம் வருஷமாக இவர் வீட்டுக்கு வந்து இவர் சோஃபாவில் உட்கார்ந்து இவர் டீயைக் குடித்துக்கொண்டு அமையலடா என்கிறான்.

“சென்னி, நீ எந்தப் பக்கம்? வாயில கொழுக்கட்டையா?” என்று ஃபெலிக்ஸ் தொடையில் தட்டினான். சென்னியப்பன் திடுக்கிட்டு, வாயில் வந்த பேண்ட் பேராக, நிர்வாணா என்றார். என்னமோ சொல்ல வேண்டுமே. “நிர்வாணாவா! போன தடவ அந்தப் பசங்களக் குளிச்சுட்டு வரச் சொல்லுன்னு நீதானடா சொன்ன” என்று ஃபெலிக்ஸ் கூரை அதிரச் சிரித்தான். ரகோத்தமனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை சென்னியப்பன் கவனித்தார். முன் பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. பெண்களுக்குப் பிடிக்கிற சிரிப்புதான், காலேஜிலேயே சொல்வார்கள். சே, என்ன நினைப்பு இது, அறுபது தாண்டிய கிழவனின் பல்லை ஆராய்ந்துகொண்டு. மனசே, உனக்கு வேறு பொழப்பு இல்லையா? ஆனால் மனசு எங்கே விடுகிறது. கீழே மிக்ஸி ஓடி நின்ற சத்தம் கேட்டது. சட்னி. சட்னி என்றால் போண்டா. ரகோத்தமனுக்குப் போண்டா பிடிக்கும். ஃபெலிக்ஸுக்கும்தான் பிடிக்கும், தனக்கும்தான் பிடிக்கும், அது வேறு. நேராகப் போய், ஏன் வசந்தா, அந்தப் பாட்டை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை. எந்தப் பாட்டுங்க என்று அவள் கேட்டுவிட்டால்? ஒன்றும் தெரியாதவள் போல ஒரு கணம் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டால்? அந்த ஒரு கணத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் அதே கையால் அவள் போடுகிற சோற்றை எப்படித் தின்பது? பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இடுப்பு வலி என்றால் தைலம் தேய்க்கிறவள் அவள்தான். ஆஸ்பத்திரியில் இவர் படுத்துக் கிடந்தபோது தரையில் துண்டை விரித்துப் படுத்தவள் அவள்தான். அதெல்லாம் பொய்யாகப் போய்விட்டால் கையில் என்ன மிஞ்சும்? அதுதான் பயம். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்தில் அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார், மூச்சுக்கூடவா பொய் சொல்லும் என்று நினைத்துக்கொண்டு.

“சரி, நம்ம ஆளப் பேச விடு” என்று ஃபெலிக்ஸ் கை காட்டினான். ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். பீட்டில்ஸ் கதவைத் திறந்துவிட்டது உண்மைதான்டா, ஆனா வீட்டுக்குள்ள போயி வெளக்கேத்துனது செப்பலின்தான் என்று ஆரம்பித்தான். டிரம்ஸைப் பற்றிச் சொன்னான். சத்தமாக வாசிப்பவன் ஆயிரம் பேர், சத்தத்துக்கு நடுவில் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவன் எத்தனை பேர் என்றான். சும்மா இருக்கத் தெரிந்தவன்! சென்னியப்பனுக்குக் காது சுட்டது. இதை யாருக்குச் சொல்கிறான்? படியில் வளையல் சத்தம் கேட்டது. வருகிறாள். சென்னியப்பன் முன்னால் குனிந்து, “பேச்செல்லாம் போதும்டா, பாடு. அந்த நீளப் பாட்டப் பாடு. சட்டம் சட்டம்தான்” என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ரகோத்தமன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். அந்தக் கம்பி மீட்டல், மெதுவாக. வளையல் சத்தம் படியின் பாதியில் நின்றது. நின்றுவிட்டதே! ஏன் நின்றாள்? தட்டு கனமா, மூட்டு வலியா, இல்லை பாட்டா? சென்னியப்பனின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் டிரம்ஸே தனியாக வேண்டியிருக்கவில்லை. வளையல் மறுபடி நகர்ந்தது. தலை தெரிந்தது, தட்டு தெரிந்தது. வசந்தாமணி வாசலில் நின்று, பாடுகிறவனைப் பார்த்தாள். பார்க்கவே பார்க்காதவள் பார்த்தாள். சென்னியப்பன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வேகமெடுத்தான், கிடார் ஏறியது, இன்னும் ஏறியது, உச்சிக்குப் போனது, இதோ, இந்த இடம்தான், இரண்டு பேரும் சேர்ந்து நிற்கப்போகிற இடம்.

ரகோத்தமன் நிற்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போனான். உச்சியிலிருந்து இறங்கி, பாடகன் வீறிடுவதை ஒல்லிக்குரலில் வீறிட்டு, தாளம் தளர்ந்து அடங்குகிற வரைக்கும் ஒரு சுரம் விடாமல் முழுப்பாட்டையும் பாடி முடித்துக் கண்ணைத் திறந்தான். ஃபெலிக்ஸ் வாயைப் பிளந்தான். “டேய், உனக்கு மிச்சமும் தெரியுமா?” என்றான். “எங்க வீட்ல ரெக்கார்டே இருந்துச்சேடா. கேசட் உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது. நான் எதுக்கு அதக் கேக்கறேன்?” என்றான் ரகோத்தமன். “நீ மேடையேறி, முடிக்காம முடிக்கறான்னு அவ்வளவு அழகா பேசுன. கெடுக்க மனசு வரல.” ஃபெலிக்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, நாப்பது வருஷமா என்னக் கோமாளியாக்கிட்டியேடா பாவி என்று கத்தினான். சென்னியப்பனுக்கு அந்தக் கத்தல் எங்கேயோ கேட்டது. ரெக்கார்ட். ஆமாம், அவன் வீட்டில் ரெக்கார்ட் இருந்தது. மாடியில் அவன் போட்டிருந்தாலும் முழுப்பாட்டுத்தான் கீழே இறங்கியிருக்கும். அறுந்த பாட்டு அவனிடமிருந்து வந்திருக்கவே முடியாது. தர ஆய்வு பார்த்த மூளை இதை எப்படிக் கோட்டைவிட்டது? அப்படியானால் யார்? வேறு யார்? மனசு அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பிவிட்டது, வெட்கம் கெட்ட மனசு. அப்போதுதான் வசந்தாமணி தட்டை மேஜையில் வைத்துவிட்டு, “என்னங்க இது, இவரு இழுத்துட்டே போறாரு? அது அங்கயே முடிஞ்சு போற பாட்டாச்சே” என்றாள்.

“அங்க முடியும்னு உனக்கு யாரு சொன்னா?” என்று சென்னியப்பன் கேட்டார். ஒரு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி, கேட்டே விட்டார். வசந்தாமணி இடுப்பில் கை வைத்தாள். “யாரு சொல்லோணும்? தெனம் காலீல கண்ணாடி முன்னாடி சவரம் பண்றப்ப நீங்க பாடறதுதானுங்க. கல்யாணமான மக்யா நாளிலிருந்து கேக்கறேன். ங்ங்ங்னு மூக்காலயே பாடுவீங்க, மேல மேல போவீங்க, அப்பறம் டக்குனு நிறுத்திப்போட்டுக் குழாயத் தொறப்பீங்க. எனக்கு அதான் கணக்கு. நீங்க நிறுத்துனா நான் தோசைக்கல்ல அடுப்புல வெப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே வாயில ஒட்டிக்கிச்சு” என்றாள். ஃபெலிக்ஸ் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். ரகோத்தமன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சென்னியப்பனுக்குத் தான் பாடுவதே தெரியாது. சவரம் பண்ணும்போது தனக்கு ஒரு வாய் இருக்கிறது என்றே தெரியாது. சாமி, சாமி! ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு ஓடியது, கைகால் எல்லாம் லேசாகிவிட்டது, எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, அழலாம் போலவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், யோசிக்காமல், முகமெல்லாம் சிரிப்பாக, “அப்ப இவன்கிட்ட இருந்து இல்லியா?” என்று கேட்டுத் தொலைத்தார்.

ஃபெலிக்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. வசந்தாமணி, எவருகிட்ட இருந்துங்க என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், திருப்பிப் போட்ட நாற்காலியைப் பார்த்தாள், ரகோத்தமனைப் பார்த்தாள். ரகோத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் குனிகிறான் என்று சென்னியப்பனின் மனசு உடனே கேட்டது. சீ, என்று அவர் அதைத் தானே செருப்பால் அடிக்காத குறையாக அடக்கினார், ஆனால் கேட்டுவிட்டதே, இத்தனைக்கும் பிறகும் கேட்டுவிட்டதே. “எத்தன நாளாங்க?” என்றாள் வசந்தாமணி. சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை. “போன மாசந்தான், நீ தேங்கா துருவறப்ப…” என்று இழுத்தார். “பொய் சொல்லாதீங்க. நம்ம கல்யாணத்துக்கு அடுத்த நாள் இவரு வந்து என்னமோ சொன்னாரு, நான் சிரிச்சுப்போட்டேன். அன்னிக்குப் பூராவும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஒரு வாய் சோறு திங்கல நீங்க. எனக்கென்ன தெரியாதுங்களா? அதுலிருந்துதான் நான் இவரு மொகம் பாத்துச் சிரிக்கறதில்ல. பேரச் சொல்றதில்ல. அண்ணான்னு கூப்பிட்டாக்கூட, இது என்ன புதுசான்னு நீங்க யோசிப்பீங்கன்னு அதயும் உட்டுட்டேன். வயசானா தெளிஞ்சிருவீங்கன்னு நெனச்சேன்.” சென்னியப்பன் ஒரு மாதமாகப் பொறுக்கிச் சேர்த்த சாட்சிகள் எல்லாம் அவரே விதைத்தவை. மன்னிச்சுக்கோ என்று சொல்லக்கூட அந்த இடத்தில் நாக்கூசியது.

“நான் கெளம்பறேன்” என்று ரகோத்தமன் எழுந்தான். “உக்காருங்க” என்றாள் வசந்தாமணி. அவன் உட்கார்ந்தான். அவள் ஒரு டம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்தாள். இந்த மாடி அறையில் அவள் உட்கார்ந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. “உங்கம்மா தவறுனப்ப வந்து ஓரமா நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேனுங்க. டைப்ரைட்டிங் படிக்க வர்றப்ப மோர் கொடுப்பாங்க எங்களுக்கெல்லாம், அப்படி ஒரு மனுஷி. உங்ககிட்ட ஒரு வார்த்த ஆறுதலாக் கேக்க முடியல. இத்தன வருஷமா மனசுல கெடந்து உறுத்துது” என்றாள். “கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?” ரகோத்தமன் டம்ளரை மேஜையில் வைத்தான். அப்புறம் மெதுவாக, கடைசி வாரம் அம்மாவுக்கு அவனையே அடையாளம் தெரியவில்லை, யாரப்பா நீ, ரொம்ப நல்லாப் பாத்துக்கறே, உன் வீட்ல தேட மாட்டாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று சொன்னான். வசந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபெலிக்ஸ் கை நீட்டி அவன் தோளைப் பிடித்தான். சென்னியப்பனுக்கு இது எதுவும் தெரியாது. அந்தச் சாவு வீட்டில் அவர் காலையிலிருந்து எடுக்கிற வரைக்கும் இருந்தார், ஆனால் அவ்வளவு நேரமும் வசந்தாமணி யாரைப் பார்க்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.